நீதிபதி மீது புகார் வந்தால் விசாரிப்பது யார்?

பத்துப் பேர் வேலை பார்க்கும் கம்பெனியாக இருந்தாலும் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது 2013 சட்டம். தலைமை ஒரு பெண், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர் கட்டாயம், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும், அறிக்கை இரண்டு தரப்புக்கும் போக வேண்டும். 1997-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த விசாகா தீர்ப்புதான் இதற்கெல்லாம் வேர். அதே நீதித்துறையில், பதவியில் இருக்கும் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதி மீது ஒரு பெண் புகார் சொன்னால் இந்த வழி அவருக்குக் கிடைப்பதில்லை.

அதற்கு இருப்பது 1999-ல் நீதிபதிகளே கூடி ஏற்றுக்கொண்ட 'உள் விசாரணை நடைமுறை'. புகார் தலைமை நீதிபதியிடம் போகும், விசாரிக்க வேண்டியதுதான் என்று அவருக்குப் பட்டால் மூன்று நீதிபதிகள் கொண்ட குழு அமையும். உச்ச நீதிமன்ற நீதிபதி மீதான புகார் என்றால் அந்த மூன்று பேரும் அவரோடு தினமும் ஒரே கட்டடத்தில் வேலை பார்க்கும் சக நீதிபதிகள். வெளியாள் கிடையாது. பெண் ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்றும் இல்லை. அறிக்கை நகல் நீதிபதிக்குப் போகும், புகார் சொன்னவருக்குத் தர வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. புகார் தலைமை நீதிபதி மேலேயே வந்தால் என்ன செய்வது என்பதற்கு அதில் பதிலே இல்லை.

அந்தக் கேள்வி 2019 ஏப்ரலில் நிஜமாகவே வந்தது. உச்ச நீதிமன்றத்தில் ஜூனியர் உதவியாளராக இருந்த ஒரு பெண், அப்போதைய தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய் மீது 22 நீதிபதிகளுக்குப் பிரமாணப் பத்திரம் அனுப்பினார். கோகோய் புகாரை முழுமையாக மறுத்தார். மறுப்பது அவர் உரிமை. ஆனால் மறுநாள், ஒரு சனிக்கிழமை காலை, சிறப்பு அமர்வு கூடியபோது அதற்குத் தலைமை தாங்கி உட்கார்ந்தவரும் அவரேதான். (அந்த அமர்வில் தான் இருந்திருக்கக் கூடாது என்று பல காலம் கழித்து அவரே சொன்னார்.) அப்புறம் மூன்று நீதிபதிகள் குழு அமைந்தது, இரண்டு பெண் நீதிபதிகளும் அதில் இருந்தார்கள். துணைக்கு ஒருவரையும் கூட்டி வர விடவில்லை, ஆடியோ வீடியோ பதிவு இல்லை, என் வாக்குமூலத்தின் நகலையே எனக்குத் தரவில்லை என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் விசாரணையில் இருந்து விலகினார். அவர் இல்லாமலேயே விசாரணை முடிந்து, மே 6-ம் தேதி 'புகாரில் சாரம் இல்லை' என்று முடிவு வந்தது. அறிக்கை வெளிவரவில்லை. வேலையில் இருந்து நீக்கப்பட்டிருந்த அந்தப் பெண்ணுக்கு 2020-ல் திரும்ப வேலை கொடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது.

புகார் பொய் என்றால் வேலை எப்படித் திரும்பக் கிடைத்தது? உண்மை என்றால் சாரம் இல்லை என்று ஏன் எழுதினார்கள்? இதற்கு என்னாலும் பதில் சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது, அறிக்கை பூட்டிக் கிடக்கிறது. இது அந்தப் பெண்ணுக்கு மட்டும் நடந்த அநியாயம் என்று நான் நினைக்கவில்லை. கோகோய் நிரபராதி என்றால் அவருக்கும் இது அநியாயம்தான். காரணம் சொல்லாத விடுதலை யார் பெயரையும் சுத்தம் செய்வதில்லை, சந்தேகம் ஆயுசுக்கும் கூடவே வரும்.

மத்தியப் பிரதேச விவகாரத்தையும் சொல்ல வேண்டும், அதுதான் என்னை ரொம்ப பாதித்தது. குவாலியரில் கூடுதல் மாவட்ட நீதிபதியாக இருந்தவர், உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் மீது புகார் சொன்னார். பள்ளி ஆண்டின் நடுவில் சித்தி என்ற ஊருக்கு டிரான்ஸ்பர். மகள் பரீட்சை முடியும்வரை அவகாசம் கேட்டார், கிடைக்கவில்லை, 2014 ஜூலையில் ராஜினாமா செய்தார். அந்த நீதிபதியைப் பதவி நீக்கக் கோரி மாநிலங்களவை உறுப்பினர்கள் 58 பேர் கையெழுத்திட்டு விசாரணைக் குழு வந்தது, பாலியல் தொல்லை நிரூபணமாகவில்லை என்று 2017-ல் அறிக்கை கொடுத்தது. சரி, அதை நான் ஏற்கிறேன். ஆனால் 2022-ல் உச்ச நீதிமன்றம், அந்த ராஜினாமா விரும்பிச் செய்ததே அல்ல என்று சொல்லி அவரை மறுபடி பணியில் சேர்க்க உத்தரவிட்டது. ஏழரை வருஷம்! சட்டம் படித்த, தீர்ப்பு எழுதுகிற ஒரு பெண்ணுக்கே இந்தக் கதி என்றால் நீதிபதியின் அறையில் ஃபைல் தூக்கும் பெண்ணும் பயிற்சிக்கு வரும் சட்டக் கல்லூரி மாணவியும் எந்தத் தைரியத்தில் வாய் திறப்பார்கள்?

நீதிபதிகளுக்குப் பாதுகாப்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. அரசாங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பு எழுதுகிறவர்கள், பணபலம் உள்ளவர்களை ஜெயிலுக்கு அனுப்புகிறவர்கள், இவர்களை மடக்க யாராவது பொய்ப் புகாரை ஆயுதமாக எடுப்பார்கள் என்ற பயம் நியாயமானது. அதனால்தான் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசிக்காமல் நீதிபதி மீது வழக்குப் பதியக் கூடாது என்று 1991-ல் வீராசாமி வழக்கில் சொன்னார்கள் (அவர் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர்). பதவி நீக்கத் தீர்மானம் கொண்டுவரவே மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்து வேண்டும். இதெல்லாம் இருக்கட்டும். போலீஸ் கதவையும் நாடாளுமன்றக் கதவையும் இவ்வளவு இறுக்கி வைத்த பிறகு, மிச்சம் இருக்கிற ஒரே கதவாவது நேர்மையாகத் திறக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

முதலில், புகார் வந்த நாளில் இருந்து அந்தப் பெண்ணின் வேலை, டிரான்ஸ்பர், பணிக் குறிப்பு எதிலும் அந்த நீதிபதியின் கை படக் கூடாது. இதே மத்தியப் பிரதேச வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே அந்த நீதிபதியின் நிர்வாக, மேற்பார்வை அதிகாரங்களை விலக்கச் சொன்னது, ஆகவே இது புது யோசனை இல்லை. விசாரிப்பவர்கள் இப்போது அவரோடு வேலை பார்ப்பவர்களாக இருக்கக் கூடாது. ஓய்வு பெற்ற நீதிபதிகள், பெரும்பான்மை பெண்கள், நீதித்துறைக்கு வெளியே இருந்து இந்த விஷயம் தெரிந்த ஒருவர். வக்கீல் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 2013 சட்டத்தின் விதிகளும் உள்புகார்க் குழு முன் வக்கீலை அனுமதிப்பதில்லை. ஆனால் இங்கே எதிர்த்தரப்பில் இருப்பவரே நாட்டின் மிகப் பெரிய சட்ட நிபுணர்களில் ஒருவர், ஆகவே அந்த விதியை அப்படியே இங்கே கொண்டுவருவது சமமான விசாரணை ஆகாது. கூட உட்கார நம்பிக்கையான ஒருவரையாவது விட வேண்டும், புகார் சொன்ன பெண்ணின் வாக்குமூலத்தை அவர் கையில் கொடுக்க வேண்டும். விசாரணை முடியும்வரை இருவர் பெயரும் வெளியே வரக் கூடாது. முடிந்த பிறகு காரணங்களோடு அறிக்கை இருவருக்கும் போக வேண்டும். வேண்டுமென்றே பொய் சொன்னது தெரிந்தால் நடவடிக்கை எடுக்கட்டும், ஆனால் நிரூபிக்க முடியாமல் போவது வேறு, பொய் வேறு. 2013 சட்டமே அதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது.

வெளிப்படையாக நடந்தால் நீதித்துறையின் மானம் போய்விடும் என்கிறார்கள். 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி வீட்டில் எரிந்த பணம் இருந்ததாகப் புகார் வந்தபோது, உச்ச நீதிமன்றம் முதல்கட்ட அறிக்கை, படங்கள், அந்த நீதிபதியின் பதில் எல்லாவற்றையும் தன் இணையதளத்திலேயே போட்டது. மானம் போகவில்லை, மக்கள் படித்தார்கள். பாலியல் புகாரில் படங்களையோ பெயரையோ யாரும் கேட்கவில்லை, முடிவுக்கு என்ன காரணம் என்பதைத்தான் கேட்கிறோம்.

இதற்கு நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை. 1999-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எல்லாரும் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து அந்த நடைமுறையை ஏற்றார்கள். இன்னொரு கூட்டம் போட்டு அதைத் திருத்த அவர்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அடுத்த புகார் வருவதற்கு முன்னால் செய்யுங்கள் என்று பார் கவுன்சில்களும் வழக்கறிஞர் சங்கங்களும் எழுதிக் கேட்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர் யாராவது இருந்தால் அவரிடம் இதைக் கேளுங்கள்.