ஆற்றுக்காக வாதாடிய வக்கீல்

போன வாரம் மாவட்ட கோர்ட் வாசல் டீக்கடையில் ஒரு ஜூனியர் தம்பி கேட்டான்: "ஏண்ணே, வக்கீலுக்குப் படிச்சவரு சுகாதார மந்திரி ஆகக் கூடாதா?" அமெரிக்காவின் ராபர்ட் கென்னடி ஜூனியரைப் பற்றித்தான் பேச்சு. தாராளமாக ஆகலாம் என்றேன். அதற்குமேல் சொல்வதற்குள் அவனுடைய கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதியை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மனிதரின் கதை. ஒன்பது வயதில் பெரியப்பா ஜான் கென்னடியைச் சுட்டுக் கொன்றார்கள். பதினான்கு வயதில் அப்பாவையும். 1982இல் சட்டப் படிப்பை முடித்தார். அடுத்த வருடமே ஹெராயின் வைத்திருந்ததாகப் பிடிபட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டார், நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார்கள். அந்தக் காலத்தில் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பில் தொண்டு வேலைக்குப் போனவர், அப்படியே ஹட்சன் ஆற்றைக் காக்கும் 'ரிவர்கீப்பர்' அமைப்புக்கு வக்கீலானார்.

அங்கே அவர் செய்ததை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆற்றில் கழிவை விட்ட கம்பெனிகள், நகராட்சிகள் என்று ஒருவரையும் விடாமல் கோர்ட்டுக்கு இழுத்தார். பேஸ் சட்டக் கல்லூரி மாணவர்களையே வழக்கு நடத்த வைத்தார். நியூயார்க் நகரத்துக் குடிநீர் உற்பத்தியாகும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளைக் காக்க 1997இல் போட்ட ஒப்பந்தத்தில் அவர் பங்கு பெரியது. 2018இல், களைக்கொல்லி தெளித்துப் புற்றுநோய் வந்த ஒரு பள்ளித் தோட்டக்காரருக்காக மான்சான்டோ கம்பெனிமேல் நடந்த வழக்கில், அவர் தரப்பு வக்கீல்களில் இவரும் ஒருவர். 28.9 கோடி டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் தொகை வெகுவாகக் குறைந்தது, அது வேறு கதை.

ஆரப்பாளையம் பக்கம் பாலத்தில் நின்று கீழே பார்த்தவர்களுக்கு என் பெருமூச்சு புரியும். அழகர் இறங்குவதற்காக அணையில் தண்ணீர் திறக்கும் நாலு நாள் போக, மற்ற நாளெல்லாம் சாக்கடையும் ஆகாயத்தாமரையும்தான். இப்படி ஒரு வக்கீல் வைகைக்குக் கிடைத்திருந்தால் அவருக்கும் ஒரு மண்டகப்படி வைத்திருப்போம்.

அப்புறம் எங்கே தடம் புரண்டது? பாதரசத்தில். நிலக்கரி ஆலைகளின் பாதரசம் மீனில் ஏறுவதைப் பற்றி ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டங்களுக்கு, தடுப்பூசியிலும் பாதரசம் இருக்கிறதே என்று சில அம்மாக்கள் கட்டுக் கட்டாகக் காகிதத்தோடு வந்தார்களாம், அவரே சொல்லியிருக்கிறார். 2005இல் அதை வைத்து ஆட்டிசத்துக்குத் தடுப்பூசிதான் காரணம் என்கிற தொனியில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பிழைகள் அதிகம் என்று 'சலோன்' இதழ் 2011இல் அதை நீக்கியேவிட்டது. அங்கே குழந்தைகளுக்குப் போடும் ஊசிகளில் இருந்து 2001 வாக்கிலேயே அந்தப் பாதரசச் சேர்மத்தை எடுத்துவிட்டார்கள், சில ஃப்ளூ ஊசிகள் மட்டும் விலக்கு. ஆட்டிசம் குறையவில்லை. தட்டம்மை ஊசியில் அது எந்தக் காலத்திலும் இருந்ததே இல்லை.

இதை ஒரு வக்கீலாக என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. கட்சிக்காரர் கட்டைக் கொண்டுவந்து வைத்தால் கை தேடுவது சாதகமான பக்கத்தைத்தான். பாதகமான பக்கத்தை எதிர்த்தரப்பு வக்கீல் பிரிப்பார், மேலே உட்கார்ந்திருப்பவர் இரண்டையும் படிப்பார் என்கிற தைரியத்தில்தான் நம் தொழிலே நடக்கிறது. ஆற்று வழக்கில் குழாயைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு கம்பெனி வாசலில் நிற்போம். இதிலும் ஒரு குழாய் இருந்தே தீரும் என்று அவர் நம்பிவிட்டார். மேடையில் குறுக்கு விசாரணை செய்ய ஆள் இல்லை.

நான் மட்டும் யோக்கியமா? 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயது வரை எல்லோருக்கும். வாட்ஸப்பில் வந்த வதந்தியில் பாதி ஊர் மிரண்டு போய், முகாமையே நீட்டித்தார்கள். என் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. சம்மதம் தர மறுத்துவிட்டேன். அதோடு விடாமல், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பக்கம் கேள்வி டைப் அடித்து அனுப்பினேன், சட்டப் பிரிவுகளோடு!

அன்று சாயங்காலம் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார் கிராம சுகாதாரச் செவிலியர் அக்கா. என் காகிதம் அவர் கையில். "கேள்வியெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். பதிலை எங்க போய்ப் படிச்சீங்க?" என்றார். நான் எங்கேயும் படித்திருக்கவில்லை. உள்ளேயிருந்து எங்கள் அம்மா எட்டிப் பார்த்தார். எங்கள் அப்பத்தா பெற்றது ஏழு. இரண்டை மணல்வாரி, அதாவது இந்தத் தட்டம்மைதான், கொண்டுபோனது. வாசலில் வேப்பிலை செருகி மாரியாத்தாளை வேண்டியதைத் தவிர அப்போது செய்வதற்கு வேறொன்றும் இல்லை. அம்மா இதை முந்தியும் சொல்லியிருக்கிறார், நான் காதில் வாங்கவில்லை.

மறுநாள் நானும் பள்ளிக்கூடம் போனேன். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை அந்த அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். வட்டத்துக்குள் சின்னச் சதுரம். சூடு பட்டால் அந்தச் சதுரம் கறுத்துக்கொண்டே வரும், வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் மருந்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். குப்பியில் கலந்த நேரத்தைப் பேனாவால் எழுதினார். "நாலு மணி நேரந்தான் சார். மிச்சம் இருந்தாலும் போட மாட்டோம்." மகளுக்கு வலது கையில் ஊசி, இடது கட்டைவிரலில் மை. ஓட்டுப் போட்ட மாதிரி ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

கலக்குவதில் கவனம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு சமோவா என்கிற பசிபிக் தீவு நாடு இருக்கிறது. 2018இல் அங்கே செவிலியர்கள் தட்டம்மை ஊசி மருந்தைத் தவறான திரவத்தில் கலந்துவிட, இரண்டு குழந்தைகள் இறந்தன. பயத்தில் ஊசி போடுவது சரிந்தது. 2019 ஜூனில் கென்னடி அங்கே போனார், ஊசி எதிர்ப்பாளர்களைச் சந்தித்தார். அந்த வருடக் கடைசியில் தட்டம்மை பரவி 83 பேர் செத்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். சரிவு அவர் போவதற்கு முன்பே தொடங்கியது, எல்லாப் பழியையும் அவர்மேல் போடுவது அநியாயம். ஆனால் தீ எரிந்துகொண்டிருந்த நவம்பரில் அந்நாட்டுப் பிரதமருக்குக் கடிதம் எழுதி, ஊசிமேலேயே சந்தேகம் கிளப்பினாரே, அதை என்ன சொல்வது?

அரசியல் பாதை தெரிந்ததுதான்: ஜனநாயகக் கட்சி, அப்புறம் சுயேச்சை, அப்புறம் டிரம்ப் பக்கம். 2025 பிப்ரவரி 13 அன்று அவரைச் சுகாதார மந்திரியாக்க செனட்டில் ஓட்டெடுப்பு, 52-48இல் ஜெயித்தார். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் டிரம்ப் கட்சியின் மிட்ச் மெக்கானலும் உண்டு, சிறுவயதில் போலியோ வந்தவர். ஜூனில் தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் 17 பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார் கென்னடி. எதிர்த்தரப்பு வக்கீலை கோர்ட்டை விட்டே வெளியேற்றியது போல எனக்குப் பட்டது. அந்த வருடம் டெக்சாஸில் ஊசி போடாத இரண்டு குழந்தைகள் தட்டம்மையில் இறந்தார்கள். அதற்கப்புறம், தட்டம்மையைத் தடுக்க ஊசிதான் சிறந்த வழி என்று அவரே எழுதினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். தின்பண்டச் சாயங்களை ஒழிக்க அவர் நிற்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. நாமே 2024இல் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தவர்கள்தானே.

அந்தச் செவிலியர் அக்கா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். தெப்பத்திருவிழாக் கூட்டத்தில் பார்த்தேன். "வக்கீல் சார், அந்த ரெண்டு பக்கக் கேள்வியை இன்னும் பத்திரமா வச்சிருக்கேன்" என்று சிரித்தார். திருப்பித் தாருங்கள் என்று கேட்க வாய் வரவில்லை.