முழங்கால் மடக்கினால் மட்டும் நாரி தப்பாது

தம்பி, “முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்துத் தூக்கினால் எவ்வளவு பாரமான மூடையும் நாரியை (கீழ் முதுகை) பாதிக்காது” என்று எழுதியிருக்கிறீங்க. இது பிழை. சம்மாந்துறை மில்களில் நெல் மூடை தூக்குற பிள்ளைகள் இதை நம்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுறன்.

தூக்கும் முறைப் பயிற்சி பற்றிய ஆய்வுகளை 2011இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுற கொக்ரேன் குழு ஒன்றாக வைத்துப் பார்த்தது. பயிற்சி முதுகுவலியைத் தடுக்கவில்லை என்பதுதான் முடிவு. துணைக்கருவியும் சேர்த்துக் கொடுத்த இடங்களிலும் அதே கதைதான்.

முக்கியமானது பாரமும், அது உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும். அமெரிக்காவின் நயோஷ் (NIOSH) என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், எல்லாம் வாய்ப்பாக அமைந்தாலே ஒருவர் தூக்கக்கூடிய எல்லை 23 கிலோ. கை கணுக்காலிலிருந்து 25 சென்ரிமீற்றர் முன்னால் இருக்கும்போது அந்தக் கணக்கு. 50 சென்ரிமீற்றர் ஆனால் பாதியாகிவிடும், 11.5 கிலோதான். அகலமான மூடை மடக்கிய கால்களுக்கு இடையில் வராது. முழங்காலுக்கு முன்னால் தள்ளியே நிற்கும், நாரியில் சுமை கூடும். நெல் மூடையின் பாரத்தை நான் சொல்லத் தேவையில்லை.

பாரத்தையும் தூரத்தையும் குறைக்க முதலாளிமார் செய்யக்கூடியது இருக்கு: சின்ன மூடையாகக் கட்டுறது, தரையில் போடாமல் இடுப்பளவு மேடையில் அடுக்குறது, தள்ளுவண்டி வாங்கிக் கொடுக்கிறது. வலி வந்தவனிடம் “நீ சரியாகக் குந்தவில்லை” என்று மட்டும் சொல்லாதீங்க.