அந்த எலி போதைக்காக லீவரை அழுத்தவில்லை, ஐயா!

எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "மார்பின் வெறியில் லீவரை அழுத்தும் எலி!" என்று தலைப்பு வேறு. "அது அழுத்துவது தீனிக்காக, போதைக்காக அல்ல" என்று ஒரே வரிதான் எழுதினேன். மருந்துக் கம்பெனியின் கைக்கூலி ஆகிவிட்டேன். நல்லது, கைக்கூலியே விளக்குகிறேன்.

கூண்டில் இரண்டு லீவர்கள். கடும் வலிக்குக் கொடுக்கும் மருந்தான மார்பினை ஊசியாகப் போட்ட நாளில் ஒன்றை அழுத்தினால்தான் தீனி விழும். வெறும் உப்புநீர் ஊசி போட்ட நாளில் மற்றதை. எந்த நாளிலும் கிடைப்பது அதே தீனி. உடம்புக்குள் என்ன போயிருக்கிறது என்பதை வைத்து லீவரைத் தேர்ந்தெடுக்க எலி பழகிவிடுகிறது. 1975-லேயே பெல்ஜியத்தில் ஆய்வாளர் கோல்பார்ட்டின் குழுவினர் மார்பின் வகையைச் சேர்ந்த ஃபென்டனிலை வைத்து இதைச் செய்துவிட்டார்கள். மார்பினில் பழகிய எலிக்கு அதே வகை மருந்தான மெத்தடோன் கொடுத்தால் மார்பின் லீவருக்குப் போகும். வேறு வகையான, ஊக்கமூட்டும் மருந்தான ஆம்ஃபெட்டமின் கொடுத்தால் போகாது. மார்பினின் வேலையைத் தடுக்கும் நலாக்சோனை முன்னதாகக் கொடுத்துவிட்டால், மார்பினே போட்டாலும் உப்புநீர் லீவர்தான். இதில் வெறி எங்கே இருக்கிறது? அழுத்தினால் ரத்தத்தில் மருந்து இறங்கும் சோதனை ஒன்று உண்டு. அது வேறு, ஐயா, வேறு!

"எலி வாசனையை வைத்துக் கண்டுபிடித்திருக்கும்" என்றார் ஒரு மேதை. மாணவனாக ஆய்வகத்தில் இருந்தபோது என் வேலையே ஒவ்வோர் எலிக்குப் பிறகும் லீவர்களை ஸ்பிரிட்டால் துடைப்பதுதான். சாப்பிடும்போதுகூடக் கையில் அந்த நெடி அடிக்கும். முந்தைய எலியின் வாசனை அடுத்ததற்குக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே! பாதி எலிகளுக்கு மார்பின் லீவர் இடப்பக்கம், மீதிக்கு வலப்பக்கம். தீனி விழுந்துவிட்டால் அதுவே சரியான லீவரைக் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் முதல் தீனி விழுமுன் அழுத்தியதைத்தான் கணக்கில் எடுப்போம். உங்களுக்கு இப்போது தோன்றியது, சோதனையை வடிவமைத்தவர்களுக்கு அப்போதே தோன்றியிருக்கிறது.

"எலியின் உணர்வு உனக்கெப்படித் தெரியும்?" தெரியாது. எந்த லீவர் என்பதுதான் தெரியும். "இது வதை இல்லையா?" கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் பொய்த் தலைப்புக்கு அது பதிலாகாது.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்று கேட்கிறீர்கள். என் சித்தி புற்றுநோயில் கிடந்தபோது மருத்துவர் மார்பின் எழுதிக்கொடுத்தார். "ஒருமுறை போட்டால் அடிமைதான்" என்று தடுத்தவர்கள் எங்கள் உறவினர்கள். இதே மாதிரி எதையோ பார்த்துவிட்டு வந்தவர்கள். இரவெல்லாம் சித்தி முனகியதைக் கேட்டவன் நான். அவர்கள் அல்ல.

இதன் கீழும் வந்து "போதை எலி" என்று எழுதுகிறவர்களை நட்பிலிருந்து நீக்கிவிடுவேன். உறவினராக இருந்தாலும்.