‘கிளம்பிவிட்டேன் மச்சான்’

இந்த இரண்டு சொற்களுக்கு மட்டும் தனிச்சட்டம் ஒன்று வேண்டும். சொல்கிறவன் காலில் குறைந்தபட்சம் செருப்பாவது மாட்டியிருக்க வேண்டும்.

வெளிநாட்டில் பனிமலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் லிஃப்ட் ஓடத் தொடங்குவதற்கு முன்பே சறுக்குப் பலகையைத் தோளில் சுமந்து மலையேறி, பருவத்தின் முதல் பனியில் சறுக்கி இறங்குகிறார்களாம். அதைக் கைபேசியில் பார்த்ததும் நண்பருக்கு ஞானம் பிறந்துவிட்டது. “மார்கழி முதல் பனிக்கு நாமும் ஏலகிரி சுவாமிமலை ஏறுவோம். விடிவதற்குள் உச்சியில் நிற்க வேண்டும்.” சறுக்கத்தான் பனி கிடையாது, பார்க்கவாவது இருக்குமே என்று தலையாட்டினேன். என் புத்தி!

அதிகாலை 3 மணிக்கு வேலூர்க் கோட்டை எதிரே நிற்கிறேன். 3.15-க்கு அழைத்தேன். “கிளம்பிவிட்டேன் மச்சான்.” பின்னணியில் வாளியில் தண்ணீர் விழுகிறது. வாளி பாதி நிறைந்துவிட்டது என்பதுகூட எனக்குச் சத்தத்தில் தெரிகிறது. 3.30-க்கு, “சத்துவாச்சாரி தாண்டிவிட்டேன்.” பின்னாலிருந்து அவருடைய அம்மா, “துண்டு கொடியில் இருக்கிறது பார்” என்கிறார். சத்துவாச்சாரியில் நடுரோட்டில் கொடி கட்டியிருக்கிறார்களா? 3.45-க்கு, “சிக்னலில் நிற்கிறேன்.” அந்த நேரத்தில் யாருக்கு ஐயா சிக்னல், நாய்களுக்கா? 4.30-க்கு அழைத்தேன், எடுக்கவில்லை. அன்றைக்கு அவர் பொய் சொல்லாத ஒரே அழைப்பு அதுதான். 5.15-க்கு வந்து இறங்கினார். தலையில் ஈரம், நெற்றியில் பளிச்சென்று விபூதி. முதல் கேள்வி: “ரொம்ப நேரமாக நிற்கிறாயா?”

அதோடு விட்டாரா? ஆம்பூரில் ஒரு தேநீர். வாணியம்பாடியில் இன்னொன்று. ஆம்பூர்த் தேநீரில் இஞ்சி போதவில்லையாம். பொன்னேரியில் மலைப்பாதை தொடங்கும்போதே வெயில் பின்கழுத்தில் கை வைத்துவிட்டது. இரவெல்லாம் தரை குளிர்ந்து கட்டிய மூடுபனி, நமக்காக டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்குமா? மங்களத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மூச்சிரைக்க உச்சியைத் தொட்டபோது மணி 9.30. கீழே சமவெளியில் வீடு வீடாக எண்ணலாம், அவ்வளவு தெளிவு! நீரில்லாத ஆறு, மன்னன் இல்லாத கோட்டை, மரமில்லாத மலை என்று நம் வேலூரைக் கேலி செய்வார்கள். பனியில்லாத மார்கழியையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நண்பர் பாறையில் உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்: “அடுத்த வாரம் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பலாம்.”

சிரித்துவிட்டேன். திட்டுவதற்குத் தெம்பில்லை.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர்தான். இறங்கும்போது பேகன் பெயரைப் பார்த்ததும்தான் உறைத்தது. போன மார்கழியில் இந்த மனிதர் வாங்கிக்கொண்டு போன என் கம்பளிப் போர்வை இன்னும் வீடு திரும்பவில்லை. பேகன் கொடுத்தது மயிலுக்காவது!