விவரம் சுமையல்ல
பக்திக் குறிப்பேட்டில் அன்றாட விவரங்களை எழுதுவது வீண், மனத்தில் எழுந்த உணர்வை மட்டும் எழுதினால் போதும் என்று கட்டுரையாளர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. காங்கேயத்தை அடுத்த சிவன்மலையில், பக்தர் கனவில் முருகன் உத்தரவிட்டதாகச் சொல்லும் பொருளைச் சாமியிடம் பூக்கேட்டு (சன்னதியில் பூ வைத்து சம்மதம் கேட்டு) உறுதிசெய்தபின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வழிபடும் வழக்கம் உண்டு. அடுத்தவருக்கு உத்தரவு வரும்வரை அப்பொருளே அங்கு இருக்கும். பெட்டியில் பொருள் மாறிய செய்தி வரும்போதெல்லாம் என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) பழைய பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அதைக் குறித்துவைத்து, அதன் கீழேயே கிணற்றில் தண்ணீர் எந்தப் படி வரை நிற்கிறது, ஈரோட்டில் மஞ்சள் என்ன விலைக்குப் போனது, எந்த எருமை சினை பிடிக்கவில்லை என்றும் எழுதுவார். ‘முருகா, நீயே துணை’ என்ற வரி எல்லாப் பக்கங்களிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. அவர் எந்த ஆண்டு அஞ்சினார், எதற்கு அஞ்சினார் என்பதை எனக்குக் காட்டியவை அந்தத் தண்ணீரும் விலையும்தான். சிறுகதை எழுத முயலும் எனக்கு அந்த நோட்டு கொடுத்ததை எந்தப் பயிற்சிப் பட்டறையும் கொடுக்கவில்லை. புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை, பிரெஞ்சு ஆளுநரிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பை இன்றும் நாம் புரட்டுவது, கப்பல் வந்த நாளையும் வணிகத்தின் போக்கையும் ஆளுநர் மாளிகைப் பேச்சையும் அவர் விடாமல் எழுதியதால்தானே? முன்னர் கருத்திட்ட அன்பர், மந்திரத்தைத் தினமும் 108 முறை எழுதினாலே போதும் என்கிறார். மனம் ஒருமைப்பட அது உதவும், மறுக்கவில்லை, ஆனால் கட்டுரை பேசுவது பின்னாளில் திரும்பப் படிப்பதற்கான குறிப்பேட்டைப் பற்றியல்லவா?