ஒரே தாவலில் ஜாங்கோ 5.2

எங்கள் நிறுவனத்தின் முன்பதிவு இணையதளம், பைத்தான் மொழியில் இணையதளங்கள் கட்ட உதவும் ஜாங்கோ என்ற மென்பொருள் சட்டகத்தின் 2.2 பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 ஏப்ரலுடன் நின்றுவிட்டன என்று ஒவ்வொரு காலாண்டுக் கூட்டத்திலும் நான் சொல்வதும், "ஓடுகிற வண்டியை ஏன் பிரித்துப் போட வேண்டும்?" என்று மேலாளர் கேட்பதும், பெங்களூரில் சில்க் போர்டு நெரிசலைப் போலப் பழகிப்போயிருந்தன. வாடிக்கையாளர் ஒருவர் பாதுகாப்புத் தணிக்கை அறிக்கையை நீட்டிய பிறகுதான் கடந்த ஆண்டு அனுமதி கிடைத்தது. அதுவும் ஒரே தாவலில் 5.2-க்குப் போய்விட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அந்த நிபந்தனைதான் தவறு என்பேன். ஜாங்கோவில் எந்த வசதியையும் திடீரென்று பிடுங்குவதில்லை. நீக்குவதற்கு முன் குறைந்தது இரண்டு வெளியீடுகளிலாவது எச்சரிக்கிறார்கள். இணைய முகவரிகளை நிரலோடு இணைக்கும் பழைய யூஆர்எல் ஃபங்ஷன் 3.1-இல் எச்சரிக்கத் தொடங்கி, 4.0-இல்தான் காணாமல் போனது. நேராகத் தாவுகிறவருக்கு எச்சரிக்கை கண்ணில் படாது, பிழைகள் மட்டுமே ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும்.

பிழையாக விழுந்தாலாவது பரவாயில்லை. தாவிப் பார்த்த மறுநாள், சோதனை சர்வரைத் திறந்த இளைய சக ஊழியர், "அண்ணா, காலை பத்து மணி புக்கிங் எல்லாம் மதியம் மூன்றரைன்னு காட்டுது" என்றார். ஐந்தரை மணி நேரம் என்றதுமே புரிந்துவிட்டது. நேர மண்டலத்தைக் கணக்கில் கொள்வதா என்று சொல்லும் வரியை எங்கள் செட்டிங்ஸ் கோப்பில் யாரும் எழுதியிருக்கவில்லை. எழுதாவிட்டால் 'வேண்டாம்' என்றிருந்த பொருள் 5.0-இல் 'வேண்டும்' என்று மாறியது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இந்திய நேரமாகக் கிடந்த பழைய பதிவுகளை ஜாங்கோ யூடிசி என்ற உலகப் பொது நேரமாக எடுத்துக்கொண்டு, அதன்மேல் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டியது. ஒரு டெஸ்ட்கூடத் தோற்கவில்லை. இத்தனைக்கும், அந்த வரி இல்லாவிட்டால் 4.0 முதலே ஜாங்கோ எச்சரித்தது, நாங்கள் 4.2-இல் ஒரு வாரம் தங்கி, பைத்தான் இயல்பாக மறைத்துவிடும் எச்சரிக்கைகளையும் காட்டச் சொல்லி டெஸ்ட்களை ஓட்டியிருந்தால் படித்திருப்போம்.

பின்வாங்கி, 3.2, 4.2, 5.2 என்று நீண்டகால ஆதரவுப் பதிப்புகளின் வழியாகவே ஏறினோம். இந்த வழியில் இன்னொரு வசதியும் உண்டு: 5.2-க்குப் பைத்தான் 3.10 ஆவது வேண்டும், 2.2-ஓ அதை ஆதரிக்காது, 3.2 வரை பழைய பைத்தானிலேயே போய், அங்கே பைத்தான் 3.10-க்கு மாறிக்கொண்டால், மீதி இரண்டு படிகளுக்கும் அதுவே போதும். 4.2-இல் லாகின் படிவம் 403, அதாவது அனுமதி இல்லை, என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. செட்டிங்ஸ் கோப்பில் நம்பகமானவை என்று பட்டியலிட்டிருந்த முகவரிகளின் முன்னால் 'எச்டிடிபிஎஸ்' சேர்த்ததும் அரை மணியில் சரியாயிற்று.

5.2-க்கான ஆதரவு 2028 ஏப்ரல் வரைதான். அடுத்த ஏற்றத்துக்கு ஆண்டுதோறும் இரண்டு வாரம் ஒதுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.