ராஜினாமா அல்ல, அதற்கு அப்புறம் நடந்ததுதான் கதை

லலிதா டாடெமியைப் பற்றி யார் எழுதினாலும் ‘சிலிக்கான் பள்ளத்தாக்கில் பெரிய வேலையை உதறிவிட்டு எழுத வந்தவர்’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். உண்மைதான். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனத்தில் துணைத் தலைவராக இருந்தவர் 1995-இல் விலகினார். 2001-இல் தன் குடும்பக் கதையைச் சொல்லும் ‘கேன் ரிவர்’ நாவல் வந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் ஓப்ரா வின்ஃப்ரே தன் வாசகர் வட்டத்துக்குத் தேர்ந்தெடுக்க, விற்றுத் தள்ளியது. (பெயரைப் பார்த்து நம்மூர்ப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் தெற்கே லூசியானா மாநிலத்தில் வேர் உள்ள கறுப்பினப் பெண்.)

வேலையை விடுவதற்குத் துணிச்சல் வேண்டும், சரி. ஆனால் அவர் அதோடு நிற்காமல் தன் குடும்பத்தின் பழைய பத்திரங்களைத் தேடிப் போனாரே, எனக்கு அதுதான் பெரிது.

அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள் குடும்ப வரலாறு தேடினால் பெரும்பாலும் 1870-இல் முட்டி நிற்பார்கள். விடுதலையானவர்கள் பெயரோடு இடம்பெற்ற முதல் சென்சஸ் அதுதான். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் முதலாளியின் பெயர் இருக்கும்; கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். அவ்வளவே. லூசியானா கொஞ்சம் வேறு. பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் ஆண்ட மண். அடிமைக்கும் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று 1724-லேயே சட்டம். அதனால் பாதிரியாரின் பதிவேட்டில் தாயின் பெயர் கிடைக்கும். ஆளை விற்றால், நிலம் விற்ற மாதிரி நோட்டரி முன்னால் பத்திரம். அங்கே கேன் ரிவர் ஆற்றுப் பக்கத்துக் கிரியோல் (பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்கக் கலப்பில் வந்த) குடும்பம் என்பதால்தான் டாடெமிக்குத் தடம் கிடைத்தது. வம்சாவளி ஆய்வாளர் ஒருவரை அமர்த்தி, தன் மூதாட்டி விலைபோன பத்திரம் வரைக்கும் போய்விட்டார்.

‘அவ்வளவு ஆதாரம் இருக்கிறதே, வரலாறாகவே எழுதியிருக்கலாமே?’ என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. அந்தப் பத்திரத்தில் பேசுகிறவர்கள் விற்றவனும் வாங்கியவனும்தான். விற்கப்பட்டவள் அன்று என்ன நினைத்தாள், யாரைத் திரும்பிப் பார்த்தாள் என்பது எந்தப் பதிவேட்டிலும் இராது. அதை மட்டும் நம்பி வரலாறு எழுதினால் முதலாளியின் கணக்குப் புத்தகத்தைப் படியெடுத்ததாகவே முடியும்.

‘கேன் ரிவர்’ நாவலில் எலிசபெத், சுசெட், ஃபிலொமீன், எமிலி என்று நான்கு தலைமுறைப் பெண்கள். பிள்ளைகளின் தகப்பன்மார் வெள்ளையர்கள் என்பதால் தலைமுறைக்குத் தலைமுறை நிறம் வெளுக்கிறது. புத்தகத்திலேயே குடும்பப் புகைப்படங்கள் உண்டு, பார்த்தாலே தெரியும். கூடவே வெளுப்பின் மேல் ஒரு பெருமையும் வளர்கிறது. சொந்தப் பாட்டிமாரிடம் இருந்த அந்த நிறவெறியை டாடெமி மறைக்கவில்லை. குடும்பக் கதை எழுத வருகிறவர்கள் முதலில் பூசி மெழுகுவது இந்த மாதிரி இடங்களைத்தான். வெள்ளையரோடு கலப்பு மணத்தை லூசியானா 1870-இல் அனுமதித்து 1894-இல் மறுபடி தடை செய்தது. தடை இருந்த காலங்களில் இருபது முப்பது வருடம் குடும்பம் நடத்தினாலும் மனைவி என்ற உரிமை கிடையாது, பிள்ளைகளுக்குச் சொத்து நிற்பது சந்தேகம்.

2007-இல் தகப்பனார் வழிக் கதையை ‘ரெட் ரிவர்’ என்று எழுதினார். 1873 ஈஸ்டர் அன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரில் கறுப்பினத்தவர்களை வெள்ளையர் கும்பல் கொன்று குவித்த சம்பவம் அதில் வருகிறது. அந்த ஊரில் நின்ற அரசுப் பலகை அதைக் ‘கலவரம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. 2021-இல்தான் அகற்றினார்கள், நாவல் வந்து பதினான்கு வருடம் கழித்து.